கொங்கு நாட்டில் கட்டுப்பல்: வரலாறும் பராமரிப்பும்

கட்டுப்பல் என்பது, விழுந்துபோன இயற்கைப் பற்களுக்கு ஈடாகச் செய்யப்பட்டு, வேண்டும்போது வாயில் பொருத்தவும் கழற்றவும் கூடிய செயற்கைப் பல் தொகுதி ஆகும். பொய்ப்பல், செயற்கைப் பல், பல்செட்டு என்றும் இது வழங்கப்படுகிறது. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம் ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய கொங்கு வட்டாரத்தில் 'பல்லு கட்டுறது' என்பதே மக்கள் வழக்கு. கடந்த இரு நூற்றாண்டுகளில் பல்செட்டு செய்யும் பொருள் பலமுறை மாறி, விலையும் குறைந்துள்ளது. ஆனால் வாயை அளவெடுக்கும் பொறுமையும், கட்டிய பல்லைக் காக்கும் முறையும் எல்லா முதியவர்களையும் சென்றடையவில்லை. அதனால்தான் பல வீடுகளில் பல்செட்டு வாயில் இல்லாமல் அலமாரி டப்பாவில் இருக்கிறது. கட்டுப்பல்லின் வரலாறு, அது கொங்கு நாட்டுக்கு வந்த வழி, அதைப் பேணும் முறை ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

வகைகள்

கழற்றி மாட்டும் கட்டுப்பல் இரு வகைப்படும். ஒரு தாடையில் எல்லாப் பற்களும் விழுந்துவிட்டால் கட்டுவது முழுப் பல்செட்டு. சில பற்கள் மட்டும் விழுந்திருந்தால், எஞ்சிய பற்களைக் கம்பிக் கொக்கியால் பிடித்துக்கொள்ளுமாறு செய்வது பகுதிப் பல்செட்டு. மனிதருக்கு இயற்கையாக 32 பற்கள் இருந்தாலும், முழுப் பல்செட்டில் பொதுவாக மேலே 14, கீழே 14 என 28 பற்களே வைக்கப்படுகின்றன. கடைவாயின் கடைசிப் பற்களாகிய ஞானப்பற்களுக்கு இடம் விடப்படுவதில்லை.

பல் கட்டாத காலம்

'பல் போனால் சொல் போச்சு' என்பது பழமொழி. இதில் இலக்கண உண்மையும் உண்டு. எழுத்துகள் பிறக்கும் இடங்களைக் கூறும் தொல்காப்பியப் பிறப்பியல், த, ந ஆகியவை நாக்கின் நுனி மேற்பல்லின் அடியைப் பொருந்துவதாலும், வ என்பது மேற்பல் இதழோடு இயைவதாலும் பிறக்கும் என்கிறது. முன்பற்கள் இல்லாதவர் 'தாத்தா', 'வந்தான்' என்று சொல்லும்போது ஒலி குழறுவதன் காரணம் இதுவே.

சொல்லைவிடப் பெரிய இழப்பு சோறு. நிலக்கடலை, முறுக்கு, சோளக் கதிர், கறி ஆகியவை பல் போனவரின் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக விலகின. கம்பு, ராகிக் களியைக் கரைத்துக் குடிப்பதும், அரிசிம்பருப்புச் சோற்றைக் குழைய வடிப்பதும், கொள்ளை மசித்துக் கடைவதும் முதியவர்களுக்கு உதவின. வெற்றிலை போடும் வழக்கமுள்ளவர்கள் பாக்கையும் வெற்றிலையையும் கையளவு உரலில் இடித்து வாயிலிட்டனர். பழைய வீடுகளில் இன்றும் காணக்கிடைக்கும் அந்தச் சிறிய உரல், பல் இல்லாதவருக்குப் பல்லாக இருந்த கருவி. ஆலங்குச்சி, வேலங்குச்சி, வேப்பங்குச்சி கொண்டு பல்லைக் காக்கும் மரபு இருந்தது. விழுந்த பல்லுக்கு மாற்று வைக்கும் வழிதான் எளிய மக்களுக்கு எட்டவில்லை.

தந்தமும் மரமும்

செயற்கைப் பல் கட்டும் முயற்சி மிகப் பழமையானது. இன்றைய இத்தாலியில் வாழ்ந்த எட்ருஸ்கர்கள், கி.மு. 7ஆம் நூற்றாண்டு அளவிலேயே மனிதப் பல்லையோ விலங்குப் பல்லையோ பொன் பட்டையில் பொருத்தி அணிந்தனர். சப்பானில் மரத்தைச் செதுக்கி முழுப் பல்செட்டு செய்தனர். 1538இல் மறைந்த நகாவோக்கா தேய் என்ற பௌத்தத் துறவியின் மரப் பல்செட்டு, உலகில் அறியப்பட்ட பழைய முழுப் பல்செட்டுகளுள் ஒன்று. அண்ணத்தோடு இழைந்து பொருந்தியதால் அது கம்பியோ சுருளோ இன்றி நின்றது. இன்றைய மேல் பல்செட்டு நிற்பதும் இதே தத்துவத்தில்தான்.

ஐரோப்பாவில் பிரான்சு நாட்டின் பியேர் ஃபோஷார் 1728இல் வெளியிட்ட நூல் பல் மருத்துவத்தைத் தனித் துறையாக நிலைநாட்டியது. அக்காலப் பல்செட்டுகளில் மேல், கீழ் இரண்டையும் உலோகச் சுருள்வில் இணைத்து வைத்தது. வாயை மூடி வைப்பதே அணிந்தவருக்கு ஓர் உழைப்பு. அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாசிங்டன் 1789இல் பதவியேற்றபோது அவருக்கு எஞ்சியிருந்தது ஒரே ஒரு சொந்தப் பல். அவருடைய பல்செட்டுகள் மரத்தால் ஆனவை என்பது கட்டுக்கதை. நீர்யானைத் தந்தம், மனிதப் பல், உலோகம் ஆகியவற்றால் அவை செய்யப்பட்டன.

தந்தம் எச்சிலில் ஊறி நிறம் மாறும், நாறும். மனிதப் பல்லோ பெரும்பாலும் ஏழைகளிடமிருந்தும் பிணங்களிலிருந்தும் வந்தது. 1815இல் வாட்டர்லூப் போர்க்களத்தில் இறந்த வீரர்களின் பற்கள் பிடுங்கப்பட்டு விற்பனைக்கு வந்தன. 'வாட்டர்லூ பற்கள்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஒருவர் சிரிக்க மற்றொருவரின் பல் வேண்டியிருந்த அந்நிலையைப் பீங்கான் மாற்றியது. 1774 அளவில் பிரான்சில் துஷாத்தோ என்ற மருந்தாளுநர் தமக்கெனச் செய்வித்த பீங்கான் பல்செட்டை, துபுவா த செமான் என்ற பல் மருத்துவர் மேம்படுத்திப் பரப்பினார். 1808இல் இத்தாலியரான ஃபொன்சி, ஒவ்வொரு பல்லையும் தனித்தனியே பீங்கானில் வார்க்கும் முறையை வெளியிட்டார்.

ரப்பர் தந்த விடுதலை

19ஆம் நூற்றாண்டின் நடுவில் இரண்டு மாற்றங்கள் அடுத்தடுத்து நிகழ்ந்தன. 1844இல் ஓரேசு வெல்சு நைட்ரசு ஆக்சைடு வாயுவையும், 1846இல் வில்லியம் மார்ட்டன் ஈதரையும் மயக்கமருந்தாகப் பயன்படுத்தினர். இருவருமே பல் மருத்துவர்கள். வலியின்றிப் பல் பிடுங்க முடிந்ததும், சொத்தைப் பற்களை எடுத்துவிட்டுப் புதுப்பல் கட்டுவோர் தொகை பெருகியது.

இரண்டாவது மாற்றம் ரப்பர். சார்லசு குட்இயர் 1844இல் காப்புரிமை பெற்ற கந்தகமூட்டும் முறையை ஒட்டி, அவருடைய தம்பி நெல்சன் குட்இயர் கடின ரப்பரை உருவாக்கினார். வல்கனைட்டு எனப்பட்ட இது, வாயின் அச்சில் வார்த்து நீராவியில் வேகவைத்தால் கல்போல் இறுகும். பொன் தகட்டில் செய்த அடித்தளத்தை ரப்பரில் செய்ய முடிந்ததால் விலை வெகுவாகக் குறைந்தது.

ஆனால் குட்இயர் பல் வல்கனைட்டு நிறுவனம் காப்புரிமையைக் காட்டிப் பல் மருத்துவர்கள் ஒவ்வொருவரிடமும் உரிமக் கட்டணம் வசூலித்தது. மறுத்தவர்கள் மீது வழக்குத் தொடுத்தது. 1879இல் அந்நிறுவனத்தின் பொருளாளர் ஜோசியா பேக்கனை, சாமுவேல் சால்ஃபண்ட் என்ற பல் மருத்துவர் சான் பிரான்சிசுகோவில் சுட்டுக் கொன்றார். 1881இல் காப்புரிமை முடிந்த பிறகே ரப்பர் பல்செட்டு தடையின்றிப் பரவியது.

அக்ரிலிக்கின் வருகை

ரப்பர் செட்டின் குறை அதன் நிறம். கருஞ்சிவப்பு ஈறு யாருக்கும் இயற்கையாகத் தோன்றவில்லை. 1930களின் பிற்பகுதியில் அக்ரிலிக் நெகிழி பல் மருத்துவத்துக்கு வந்தது. ஈறு போன்ற இளஞ்சிவப்பு நிறம், குறைந்த எடை, உடைந்தால் ஒட்டும் வசதி ஆகியவற்றால் பத்தாண்டுகளுக்குள் அது ரப்பரைப் பெரும்பாலும் வெளியேற்றிவிட்டது. இன்று கோவையில் கட்டும் பல்செட்டில் பெரும்பாலானவை இதே அக்ரிலிக்கால் ஆனவை. பல்லும் பெரும்பாலும் அதே இனப் பொருள்தான்.

அளவெடுக்கும் பொருளும் மாறியது. கடற்பாசியிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட்டு இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பரவியது. மன்னார் வளைகுடாக் கரையில் மீனவப் பெண்கள் மூழ்கிச் சேகரிக்கும் பாசி வகைகளில் சிலவும் ஆல்ஜினேட்டுத் தயாரிப்புக்கே செல்கின்றன.

இந்தியாவில் பல் மருத்துவக் கல்வி

இந்தியப் பல் மருத்துவத்தின் முன்னோடி இரபியுத்தீன் அகமது. அமெரிக்காவின் அயோவாவில் பயின்று திரும்பிய அவர், 1920இல் கல்கத்தாவில் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். அதன் செலவுக்காக அவர் நடத்தியது ஓர் ஐஸ்கிரீம் கடை.

கல்லூரிகள் அரிதாக இருந்த அக்காலத்தில், பல் கட்டுவது பெரும்பாலும் குருவிடம் கற்ற கைத்தொழிலாகவே நடந்தது. சீனாவின் ஊபே மாநிலத்திலிருந்து வந்த குடும்பங்கள் கல்கத்தா, சென்னை முதலிய நகரங்களில் இத்தொழிலில் பெயர் பெற்றன. 'சீனப் பல் மருத்துவர்' என்ற பெயர்ப்பலகை தமிழ்நாட்டு நகரங்களுக்குப் புதிதன்று. தந்தையிடம் மகன் கற்ற இந்தத் திறமை பலருக்கு நல்ல பல்செட்டைத் தந்தது. ஆயினும் ஈறு நோய், வாய்ப் புற்றுநோய் முதலியவற்றைக் கண்டறியும் மருத்துவக் கல்வி அதில் இல்லை.

1948ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டம் இத்தொழிலை ஒழுங்குபடுத்தியது. செயற்கைப் பல் செய்வதையும் புதுப்பிப்பதையும் அது பல் மருத்துவத்தின் ஒரு பகுதியாக வரையறுத்தது. பட்டம் பெற்றோர் பதிவேட்டின் 'அ' பகுதியிலும், பட்டமின்றி ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் இதையே முதன்மைத் தொழிலாகச் செய்துவந்தோர் 'ஆ' பகுதியிலும் பதிவு பெற்றனர். பல்செட்டைப் பட்டறையில் உருவாக்கும் பல் தொழில்நுட்பர்களுக்கு 'பல் மெக்கானிக்' என்ற தனிப் பதிவேடும் ஏற்பட்டது. வாயைப் பார்ப்பவர் மருத்துவர், செட்டைச் செய்பவர் மெக்கானிக் என்ற வேலைப் பிரிவினைக்குச் சட்ட அடிப்படை இட்டது இதுவே.

விடுதலைக் காலத்து இந்தியர் அனைவரும் அறிந்த பொக்கைவாய்ச் சிரிப்பு காந்தியடிகளுடையது. அவரிடம் பல்செட்டு இருந்தது. உண்ணும் நேரத்தில் மட்டும் அணிந்து, பிறகு கழற்றிவிடுவார்.

கொங்கு நாட்டில்

தமிழ்நாட்டில் 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவக் கல்வி தொடங்கியது. கோயம்புத்தூருக்கு மருத்துவக் கல்லூரி 1966இல் வந்தது. கொங்கு வட்டாரத்தில் பல் மருத்துவக் கல்லூரி அமைய 1980கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் சேலத்திலும், காவிரிக் கரையிலுள்ள குமாரபாளையத்திலும் கல்லூரிகள் எழுந்தன. குமாரபாளையம் ஜே.கே.கே. நடராஜா பல் மருத்துவக் கல்லூரி 1987இல் தொடங்கப்பட்டது. பின்னர் கோவையில் ஸ்ரீ ராமகிருஷ்ணா, சூலூரில் ஆர்.வி.எஸ்., திருச்செங்கோட்டில் கே.எஸ்.ஆர். ஆகிய கல்லூரிகள் வந்தன.

இவற்றின் பின்னணியில் கொங்கு நாட்டின் பஞ்சும் நூலும் உண்டு. 1888இல் தொடங்கிய ஸ்டேன்ஸ் ஆலைக்குப் பின் கோவை நூற்பாலை நகராக வளர்ந்தது. அந்தத் தொழிலில் ஈட்டிய செல்வத்தின் ஒரு பகுதி பின்னாளில் அறக்கட்டளைகளாக மாறியது. எஸ்.என். ரங்கசாமி நாயுடுவின் மக்கள் 1970இல் நிறுவிய எஸ்.என்.ஆர். சன்ஸ் அறக்கட்டளையே ஸ்ரீ ராமகிருஷ்ணா மருத்துவமனையையும் பல் மருத்துவக் கல்லூரியையும் நடத்துகிறது.

கல்லூரி மருத்துவமனைகளில் ஆசிரியர் மேற்பார்வையில் பயிற்சி மருத்துவர்கள் பல் கட்டுவதால், தனியார் மருத்துவகங்களைவிடப் பொதுவாகச் செலவு குறைவு. காலம் சற்றுக் கூடும்.

பல் கட்டும் முறை

முழுப் பல்செட்டு ஒரே நாளில் ஆகும் வேலை அன்று. பல் பிடுங்கிய புண் ஆறி ஈறு அமைய சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை காத்திருக்க வேண்டும். அதன்பின் ஏறத்தாழ ஐந்து முறை மருத்துவரிடம் செல்ல நேரும்.

முதல் முறை வாயின் பொது அச்சு எடுக்கப்படும். இரண்டாம் முறை, அந்த அச்சில் செய்த தனித்தட்டைக் கொண்டு, உதடும் நாக்கும் அசையும் எல்லை வரை துல்லிய அளவு எடுக்கப்படும். மூன்றாம் முறை, மெழுகுக் கட்டைகளை வாயில் வைத்து, மேல் தாடைக்கும் கீழ்த் தாடைக்கும் இடையே எவ்வளவு உயரம் வேண்டும் என்று அளப்பார்கள். இந்த உயரம் குறைந்தால் முகம் சுருங்கிக் கிழடாகத் தெரியும். கூடினால் பற்கள் பேசும்போதே இடித்துக்கொள்ளும். நான்காம் முறை, மெழுகில் பதித்த பற்களை வாயில் வைத்துக் காட்டுவர். பல்லின் நிறம், அளவு, வரிசை பிடிக்கவில்லையென்றால் சொல்ல வேண்டிய நேரம் இதுதான். அப்போது மாற்றுவது எளிது.

பிறகு வேலை பட்டறைக்குப் போகும். மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் அக்ரிலிக் தூளையும் திரவத்தையும் மாவுபோல் பிசைந்து அடைத்து, அச்சுப்பெட்டியை இறுக்கி வெந்நீரில் வேகவைத்து, ஆறவிட்டு, தேய்த்து மெருகிடுவர். ஐந்தாம் முறை செட்டு வாயில் ஏறும். அத்தோடு முடிவதில்லை. ஓரிரு நாள் அணிந்தபின் எங்கே உறுத்துகிறது என்று பார்த்துச் சரிசெய்ய மீண்டும் செல்ல வேண்டும்.

அன்னூரிலிருந்தோ பல்லடத்திலிருந்தோ பேருந்தேறி வரும் முதியவருக்கு ஐந்தாறு பயணம் என்பது ஐந்தாறு நாள் கூலியும், துணைக்கு வருபவரின் கூலியும் ஆகும். 'ஒரே நாளில் பல் கட்டித் தரப்படும்' என்று சொல்லும் தகுதியற்றவர்களிடம் மக்கள் போவதற்கு அறியாமை மட்டும் காரணம் அன்று. அவ்வாறு கட்டும் சிலர், அக்ரிலிக்கைப் பக்கத்துப் பற்களோடு நிலையாக ஒட்டிவிடுகின்றனர். கழற்ற முடியாத அதன் அடியில் உணவு தங்கி, நல்ல பற்களும் ஈறும் கெடுகின்றன.

பழகும் காலம்

புதுச் செட்டு அணிந்ததும் வாய் நிறைந்ததுபோல் தோன்றும், எச்சில் மிகுதியாக ஊறும். சில நாளில் இது குறையும். தொடக்கத்தில் இட்லி, குழைந்த சோறு, மசித்த காய் ஆகியவற்றைச் சிறு கவளமாக, இரு பக்கமும் ஒருசேர மென்று பழக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மென்றால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். நாளேட்டை வாய்விட்டுப் படிப்பது பேச்சைத் திருத்தும் நல்ல பயிற்சி.

முழுப் பல்செட்டின் மெல்லும் வலிமை இயற்கைப் பல்லில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். அதனால் பழைய பல்லோடு ஒப்பிட்டுச் சோர்வடையத் தேவையில்லை. அகன்ற அண்ணத்தின் துணை இருப்பதால் மேல் செட்டு உறுதியாக நிற்கும். கீழ்ச் செட்டுக்கு அந்த இடப்பரப்பு இல்லை, நாக்கும் தள்ளும். எனவே கீழ்ச் செட்டு பழகக் கூடுதல் காலம் ஆகும்.

பராமரிப்பும் காரணங்களும்

கட்டுப்பல்லைப் பேணும் விதிகள் எல்லாம் அதன் பொருளின் தன்மையையும் வாயின் தன்மையையும் ஒட்டி எழுந்தவை. காரணம் தெரிந்தால் விதி மறக்காது.

* இரவில் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். ஈறுக்கு ஓய்வும் எச்சிலின் பாதுகாப்பும் தேவை. இரவு பகலாக அணிந்தால் செட்டின் அடியில் காளான் தொற்று ஏற்பட்டு அண்ணம் சிவந்து புண்ணாகும். அக்ரிலிக் காய்ந்தால் வடிவம் மாறக்கூடும் என்பதால்தான் தண்ணீர்.
* கொதிநீரில் போடக்கூடாது. வெந்நீர் கிருமியைக் கொல்லும் என்ற எண்ணம் சரியே. ஆனால் சூட்டில் அக்ரிலிக் வளைந்துவிடும். வளைந்த செட்டு பிறகு பொருந்தாது.
* பற்பொடி, சாம்பல், செங்கல் தூள், உப்பு கொண்டு தேய்க்கக்கூடாது. இவை கீறல் உண்டாக்கும். கீறலில் அழுக்கும் வெற்றிலைக் கறையும் படியும். மென்மையான பிரஷும் சிறிதளவு சோப்பும் போதும். பிறகு நன்றாகக் கழுவ வேண்டும்.
* தண்ணீர் நிரப்பிய பாத்திரத்துக்கு மேல் பிடித்துக் கழுவ வேண்டும். சிமெண்டுத் தரையில் விழுந்த செட்டு பிளந்துவிடும். தண்ணீரில் விழுந்தால் தப்பும்.
* ஈறையும் நாக்கையும் துடைக்க வேண்டும். பல் இல்லாத வாய்க்கும் தூய்மை வேண்டும். ஈரத் துணியை விரலில் சுற்றி நாள்தோறும் துடைக்கலாம்.
* உறுத்தினால் வீட்டில் அரத்தால் ராவக்கூடாது, உடைந்தால் கடைப் பசையால் ஒட்டக்கூடாது. ஓர் இழை கூடுதலாகத் தேய்ந்தாலும் பிடிப்பு போய்விடும். உடைந்த துண்டுகளை எல்லாம் சேர்த்து எடுத்துச் சென்றால் மருத்துவர் பட்டறையில் இணைத்துத் தருவார்.
* அறுவைச் சிகிச்சைக்கு முன் கழற்றிவிட வேண்டும். மயக்கத்தில் செட்டு தொண்டைக்குள் நழுவும் அபாயம் உண்டு.

பலர் அறியாத மற்றொன்று, செட்டு மாறாவிட்டாலும் வாய் மாறிக்கொண்டே இருக்கும் என்பது. பல் விழுந்த தாடை எலும்பு ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கரைகிறது. பின்லாந்தின் ஆந்தியே தால்கிரேன் 1972இல் வெளியிட்ட 25 ஆண்டு ஆய்வு, கீழ்த் தாடையில் இந்தக் கரைவு மேல் தாடையைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு என்று காட்டியது. ஆகவே சில ஆண்டுகளில் செட்டு தளர்வது செய்தவரின் குற்றம் ஆகாது. உள்பக்கம் புதிய அக்ரிலிக் பூசி இறுக்கலாம், தேவைப்பட்டால் புதிதாகக் கட்டலாம். ஆண்டுக்கு ஒரு முறையாவது மருத்துவரிடம் காட்டுவது நல்லது. இரண்டு வாரத்தில் ஆறாத எந்த வாய்ப்புண்ணையும், குறிப்பாக வெற்றிலை, புகையிலைப் பழக்கமுள்ளவர்கள், செட்டு உரசியது என்று தள்ளிவிடாமல் உடனே காட்ட வேண்டும். அது புற்றுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம்.

பல்லும் பொது நலனும்

முதியவரின் பல் குடும்பத்தின் செலவா, அரசின் கடமையா என்ற கேள்வி புதிதன்று. 1948இல் பிரித்தானியாவில் தேசிய நலவாழ்வுத் திட்டம் தொடங்கி, பல்செட்டு இலவசம் என்றானதும் மக்கள் திரண்டனர். எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு தேவை வெளிப்பட்டது. செலவு தாங்காமல் 1951இல் பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் அரசு கட்டணம் விதிக்க முனைந்தபோது, திட்டத்தின் சிற்பியான அனூரின் பீவன் அமைச்சர் பதவியிலிருந்து விலகினார்.

கோவைக்கு அருகிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. வாளையாறு எல்லையைத் தாண்டினால் வரும் கேரளத்தில், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள 60 வயது கடந்தவர்களுக்கு அரசுச் செலவில் பல்செட்டு வழங்க 'மந்தகாசம்' என்ற திட்டம் கொண்டுவரப்பட்டது. மந்தகாசம் என்றால் புன்முறுவல்.

தந்தத்திலிருந்து அக்ரிலிக் வரை வந்த வரலாற்றில், பொருள் மலியும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சிலருக்குப் பல் கிடைத்தது. இனி மலிய வேண்டியது பயணமும் காத்திருப்பும். வட்டார மருத்துவமனையிலேயே அளவெடுத்து, செட்டு தந்த பிறகும் ஒரு முறை வீடு தேடி வந்து உறுத்தலைச் சரிசெய்தால், டப்பாவில் கிடக்கும் பல செட்டுகள் வாய்க்கு வரும். அதுவரை பேரப்பிள்ளைகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தாத்தாவும் அமுச்சியும் பல்செட்டை ஏன் போடுவதில்லை என்று கேட்டு, எங்கே உறுத்துகிறது என்று தெரிந்துகொண்டு, ஒரு நாள் மருத்துவரிடம் உடன் செல்லலாம்.